எதிரி சுடவில்லை, ஆனாலும் வீடு திரும்பவில்லை: போர்க்காலத்தில் கடலில் காணாமல் போன விமானப்படை வீரர்களுக்கு என்ன ஆச்சு?

1941 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். கப்பல் அணியோடு போய்க்கொண்டிருந்த ஹெச்.எம்.எஸ். ஹேசில்மியர் கப்பலில் இருந்தவர்கள், வானத்திலிருந்து ஒரு பாராசூட் இறங்குவதைப் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்தவர் உதவி கேட்டுக் கத்தினார். அது ஒரு பெண்ணின் குரல். காப்பாற்ற எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் அந்தக் கடுங்குளிரில் கடலில் குதித்தார். அவரை மேலே தூக்கினார்கள், ஆனால் குளிரின் பாதிப்பால் அவர் உயிர் பிழைக்கவில்லை. அந்தப் பெண்ணின் உடல் இன்று வரை கிடைக்கவில்லை.

அவர் ஏமி ஜான்சன். 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண். போர் வந்ததும், ராணுவ விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும் துணைப் பிரிவில் சேர்ந்தார். அன்று அவர் போருக்குப் போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள தளத்தில் ஒரு பயிற்சி விமானத்தை ஒப்படைக்கப் போனார். அந்தத் தளம் இருப்பது நாட்டின் உள்பகுதியில். அவர் விழுந்ததோ கடலில். மோசமான வானிலையில் வழி தவறி, எரிபொருள் தீர்ந்திருக்கும் என்பதே பரவலான கருத்து. சொந்த நாட்டு பீரங்கியே தவறுதலாகச் சுட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு. அது நிரூபிக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இப்படிக் கடலில் மறைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏன் இவ்வளவு பேர்? தேடினார்களா? இன்னும் தேடுகிறார்களா? விரிவான விளக்கம் இதோ.

போர் என்றால் சுட்டு வீழ்த்துவது மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். போர் முடிவதற்குள் அந்தப் பிரிவில் 55,573 வீரர்கள் இறந்தார்கள். அதில் 8,000க்கும் மேற்பட்டோர் எதிரியின் மேல் குண்டு போடப் போய் இறந்தவர்கள் அல்ல. பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள். அமெரிக்க ராணுவ விமானப்படையில் இன்னும் அதிகம். சண்டையே நடக்காத சொந்த நாட்டு மண்ணில் மட்டும், விமான விபத்துகளில் சுமார் 15,000 பேர் பலியானார்கள்.

காரணம் எளிது. போர் அவசரம். 19, 20 வயதுப் பையன்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, நான்கு இன்ஜின் விமானத்தை ஒப்படைத்தார்கள். ஆலைகள் இரவு பகலாக விமானங்களைத் தயாரித்துத் தள்ளின. பழுது பார்ப்பவர்களுக்கும் ஓய்வில்லை. அமைதிக் காலத்தில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று ரத்து செய்திருக்கக்கூடிய வானிலையிலும் கிளம்ப வேண்டிய கட்டாயம்.

கடல் மேல் பறப்பதில் அப்படி என்ன ஆபத்து?

இன்று கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது. அன்று விமானத்தில் நேவிகேட்டர் என்று ஒருவர் இருப்பார். கையில் பென்சில், வரைபடம், கடிகாரம், திசைகாட்டி. 'இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிடம் பறந்திருக்கிறோம், அப்படியானால் இங்கேதான் இருக்க வேண்டும்' என்று கணக்குப் போடுவார். தரைக்கு மேலே என்றால் ஒரு ஆறு, ரயில் பாதை, தேவாலயக் கோபுரம் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். கடலுக்கு மேலே அடையாளம் எதுவும் கிடையாது.

பக்கவாட்டிலிருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது, நேவிகேட்டருக்கு அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரம் கழித்து விமானம் 120 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். திரும்பும் வழியில் இங்கிலாந்தின் கரை இருக்கிறது என்று நினைத்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். எரிபொருள் முள்ளோ பூஜ்யத்தை நெருங்கியிருக்கும்.

அடுத்தது, கண் ஏமாற்றுவது. மூடுபனியிலும் இருட்டிலும் வானமும் கடலும் ஒரே நிறம். அடிவானக் கோடு தெரியாது. நேராகப் பறப்பதாக விமானி நினைத்துக்கொண்டிருக்கும்போதே விமானம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். கருவிகளை விட்டுவிட்டு உடலின் உணர்வை நம்பினால், சில விநாடிகளில் கதை முடிந்துவிடும்.

மூன்றாவது, பனிக்கட்டி. இறக்கை மேல் படிந்தால் விமானம் கனக்கும். கார்புரேட்டருக்குள் உருவானால் இன்னும் மோசம். உள்ளே எரிபொருள் ஆவியாகும்போது காற்று சட்டென்று குளிர்கிறது. அதில் உள்ள ஈரம் உறைந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும் இது நடக்கும். இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

புகழ்பெற்ற இசைக்கலைஞர் மாயமானது எப்படி?

இந்தப் பனிக்கட்டிதான் கிளென் மில்லரின் உயிரைக் குடித்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். அமெரிக்காவே கொண்டாடிய இசைக்குழுத் தலைவர் அவர். ராணுவத்தில் சேர்ந்து, மேஜர் பதவியில், வீரர்களுக்காக இசைக்குழு நடத்திவந்தார். 1944 டிசம்பர் 15 அன்று, விடுவிக்கப்பட்ட பாரிஸ் நகரில் நிகழ்ச்சி ஏற்பாடுகளுக்காக, இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பகுதியிலிருந்து நார்ஸ்மேன் என்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் கிளம்பினார். விமானியையும் சேர்த்து உள்ளே மூன்றே பேர். வானிலை மோசம். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி விமானம் போய்ச் சேரவில்லை.

அவர் காணாமல் போன செய்தி டிசம்பர் 24 அன்றுதான் வெளியே வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அவர் கிளம்பிய நாளில் ஜெர்மனியில் குண்டு போட முடியாமல் திரும்பிய பிரிட்டிஷ் விமானங்கள் கால்வாயில் உதறிவிட்ட குண்டுகள் அவரது விமானத்தின் மேல் விழுந்திருக்கலாம் என்று ஒரு வாதம் பல ஆண்டுகள் கழித்து எழுந்தது. நேரம் ஒத்துப்போகவில்லை என்று அதை மறுப்பவர்களும் உண்டு. விமானம் கிடைக்காத வரை எந்த வாதத்துக்கும் முடிவில்லை.

கடலில் விழுந்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்?

தண்ணீரில் இறக்குவது என்றால் மெத்தையில் விழுவது போல இருக்கும் என்று தோன்றலாம். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் மோதினால் தண்ணீர் சுவர் மாதிரிதான். விமானத்தின் அமைப்பும் முக்கியம். அமெரிக்காவின் பி-24 விமானத்தில் குண்டு அறையின் கதவுகள் வலுவற்றவை. மோதியதும் அவை பிய்த்துக்கொள்ள, தண்ணீர் உள்ளே பாய்ந்து உடல் இரண்டாக உடைந்துவிடும். அதனால் கடலில் இறக்க நேர்ந்தால் பிழைப்பது அரிது என்று அதன் வீரர்களே பயந்தார்கள்.

உயிரோடு வெளியே வந்தாலும் அடுத்த எதிரி குளிர். காற்றை விட தண்ணீர் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். மீட்புப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு இது: உறையும் நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் அதிர்ச்சியில் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த 10 நிமிடம் கை கால்களைப் பயன்படுத்தலாம். அதன் பிறகு கயிறு கையில் பட்டால்கூடப் பிடிக்க விரல் வளையாது. சுமார் 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். ஏமி ஜான்சனைக் காப்பாற்றக் குதித்த ஃபிளெட்சரை எமனாக நின்று கொன்றது இந்தக் குளிர்தான். ஃபிளெட்சருக்கு இறப்புக்குப் பின் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

காப்பாற்ற ஆளே இல்லையா?

போரின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இல்லை. 1940இல் பிரிட்டன் வானில் நடந்த பெரும் சண்டையின்போது, பாராசூட்டில் பத்திரமாகக் குதித்த விமானிகள்கூட கால்வாயில் மிதந்தபடியே செத்தார்கள். ஒரு விமானியை உருவாக்க மாதக்கணக்கில் ஆகும். அவரைக் கடலில் விட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜெர்மனி இதில் முன்னாலேயே விழித்திருந்தது. தண்ணீரில் இறங்கும் மீட்பு விமானங்கள், தண்ணீரில் கலந்தால் பளிச்சென்று தெரியும் சாயம், ரப்பர் படகு எல்லாம் அவர்களிடம் இருந்தன. அதைப் பார்த்து பிரிட்டனும் 1941இல் கடல் மீட்புக்கென்று தனி அமைப்பைத் தொடங்கியது. வேகப் படகுகள் வந்தன. ஒற்றை ஆள் ரப்பர் படகு போர் விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கையால் சுற்றினால் மின்சாரம் உண்டாக்கி அபாயச் செய்தி அனுப்பும் வானொலிப் பெட்டி வந்தது. 1943இல், விமானத்தின் அடியில் மாட்டி, பாராசூட் மூலம் கடலில் இறக்கும் மரப் படகும் புழக்கத்துக்கு வந்தது.

வானொலி வேலை செய்யாவிட்டால்? அதற்குப் புறாவும் உண்டு. 1942 பிப்ரவரியில், நார்வே பக்கம் போய்த் திரும்பிய ஒரு பியூஃபோர்ட் விமானம் சேதமடைந்து வட கடலில் விழுந்தது. நான்கு பேரும் ரப்பர் படகில் ஏறினார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று செய்தி அனுப்ப வழியில்லை. விமானத்தில் இருந்த விங்கி என்ற பெண் புறா சுமார் 190 கி.மீ. பறந்து ஸ்காட்லாந்தில் தன் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் காலில் கடிதம் எதுவும் இல்லை. விமானம் விழுந்த நேரம், புறா வந்த நேரம், காற்றின் திசை, எண்ணெய் படிந்த இறகோடு அது எவ்வளவு வேகமாகப் பறந்திருக்கும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நால்வரும் பிழைத்தார்கள். விங்கிக்கு 1943இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் கிடைத்தது.

இப்படிப் பிழைத்தவர்களுக்கென்றே 1942இல் 'கோல்டு ஃபிஷ் கிளப்' என்று ஒரு சங்கம் உருவானது. ரப்பர் படகு தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் தொடங்கியது. கடலில் விழுந்து உயிரோடு வந்திருக்க வேண்டும், அதுதான் சேரத் தகுதி. இறக்கை முளைத்த மீன்தான் அதன் சின்னம்.

திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு என்ன சொன்னார்கள்?

முதலில் ஒரு தந்தி வரும். 'இறந்துவிட்டார்' என்று இருக்காது, 'காணவில்லை' என்றுதான் இருக்கும். இந்த ஒரு சொல்தான் குடும்பங்களைப் பல மாதங்கள் ஆட்டிவைத்தது. எதிரியிடம் கைதியாக இருக்கலாம். யாராவது மீனவர் காப்பாற்றியிருக்கலாம். வேறு நாட்டில் மருத்துவமனையில் இருக்கலாம். உண்மையில் அப்படித் திரும்பி வந்தவர்களும் இருந்ததால், நம்பிக்கையை விடவும் முடியாது.

பல மாதங்கள் எந்தத் தகவலும் வராவிட்டால், 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று அறிவிப்பார்கள். அமெரிக்காவில் பொதுவாக ஓராண்டு கழித்து இந்த முடிவு எடுக்கப்பட்டது. சம்பளம் நின்று ஓய்வூதியம் தொடங்க, சொத்து கைமாற, மனைவி மறுமணம் செய்ய எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் தேவை. ஆனால் உடல் இல்லை. கல்லறையும் இல்லை.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை, காணாமல் போன 40,000க்கும் மேற்பட்ட தன் வீரர்களைத் தேட தனிக் குழுக்களை அனுப்பியது. அவர்கள் ஐரோப்பாவில் கிராமம் கிராமமாக விசாரித்து, பாதிக்கும் மேற்பட்டோரின் கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். நிலத்தில் விழுந்தவர்களை அப்படித் தேடலாம். கடலில் போய் யாரிடம் விசாரிப்பது? கரை ஒதுங்கிய உடல்களைத் தவிர, மற்றவர்கள் கடலில் மறைந்தவர்கள் என்று பதிவானதோடு சரி.

அதனால்தான் பெயர்களுக்கென்று நினைவிடங்கள் எழுந்தன. லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் 1953இல் எலிசபெத் ராணி திறந்துவைத்த நினைவிடத்தில், கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன. ஏமி ஜான்சனின் பெயரும் அங்கேதான். மத்தியத் தரைக்கடலில் மறைந்தவர்களுக்கு மால்டாவில் ஒன்று. ஆசியாவின் கடல்களில் மறைந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ளன.

இங்கே தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா 'பறக்கும் படகு'களின் தளமாக இருந்தது. இலங்கையில் காலி அருகே உள்ள கொக்கலை ஏரியும் அப்படித்தான். அங்கிருந்து கிளம்பி, வங்கக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் மேலே பல மணி நேரம் ரோந்து போவார்கள்.

மர்மம் என்று சொல்வதெல்லாம் உண்மையா?

இந்த மாதிரிச் செய்தி என்றாலே பெர்முடா முக்கோணம் பேச்சு வந்துவிடும். அதற்குக் காரணம், 'ஃபிளைட் 19'. போர் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1945 டிசம்பர் 5 அன்று, ஃப்ளோரிடாவிலிருந்து 5 கடற்படை விமானங்கள் 14 பேரோடு பயிற்சிக்குக் கிளம்பின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. தேடப்போன 13 பேர் கொண்ட விமானமும் மாயமானது.

ஆனால் வானொலிப் பேச்சுகள் பதிவாகியிருக்கின்றன. திசைகாட்டிகள் வேலை செய்யவில்லை என்று குழுத் தலைவர் சொன்னார். கீழே தெரிந்த தீவுகளை ஃப்ளோரிடாவின் தெற்கில் உள்ள தீவுகள் என்று தவறாக நினைத்தார். அதனால் எந்தப் பக்கம் கரை என்பதிலேயே குழப்பம். இருட்டியது, கடல் கொந்தளித்தது, எரிபொருள் தீர்ந்தது. தேடப்போன விமானம் பறக்கும் பெட்ரோல் டேங்க் என்று பெயர் வாங்கிய வகை. அந்த இரவு கடலில் தீப்பிழம்பைப் பார்த்ததாக ஒரு கப்பல் தகவல் தந்தது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. முதலில் குழுத் தலைவர் மேல்தான் பழி விழுந்தது. அவரது தாய் அதை ஏற்கவில்லை. விமானமும் இல்லை, உடலும் இல்லை, எதை வைத்து என் மகன்தான் காரணம் என்கிறீர்கள் என்பது குடும்பத்தின் வாதம். கடைசியில் கடற்படை, 'காரணம் தெரியவில்லை' என்று அறிக்கையைத் திருத்தியது. பிற்பாடு அந்தச் சொற்களையே பிடித்துக்கொண்டு மர்மக் கதைகள் வளர்ந்தன.

80 ஆண்டு கழித்தும் கண்டுபிடிக்க முடியுமா?

சில சமயம் முடியும். 'குட்டி இளவரசன்' எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் அந்த்வான் து செந்த் எக்சுபெரி ஒரு விமானி. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து உளவுப் படம் எடுக்க ஆயுதமில்லாத விமானத்தில் தனியாகக் கிளம்பியவர் திரும்பவில்லை. 54 ஆண்டுகள் கழித்து, 1998இல், மார்செய் நகருக்குத் தெற்கே ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. அதில் அவர் பெயரும் மனைவி பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பகுதியில் ஒரு முக்குளிப்பாளர் விமானத்தின் பாகங்களைக் கண்டார். வரிசை எண்ணை வைத்து, அது அவருடைய விமானம்தான் என்று 2004இல் உறுதியானது. தான்தான் சுட்டதாக ஒரு முன்னாள் ஜெர்மன் விமானி 2008இல் சொன்னார். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. விபத்தா, தாக்குதலா என்பது இன்னும் திறந்த கேள்விதான்.

அமெரிக்காவில் காணாமல் போன வீரர்களைத் தேடுவதற்கென்றே பாதுகாப்புத் துறையில் ஒரு முகமை இயங்குகிறது. அதன் கணக்குப்படி, இரண்டாம் உலகப் போர் முதல் இன்று வரை 80,000க்கும் மேற்பட்டோர் இன்னும் கணக்கில் வரவில்லை. அதில் 41,000க்கும் மேற்பட்டோர் கடலில் மறைந்தவர்கள் என்று கருதப்படுகிறது. சோனார் ஒலி அலைகளும் தானியங்கி நீர்மூழ்கிக் கருவிகளும் இப்போது கைகொடுக்கின்றன. 1944இல் பாப்புவா நியூ கினி அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு பி-24 விமானம் 2017இல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. 2023இல் முக்குளிப்பாளர்கள் இறங்கி எச்சங்களை எடுத்துவந்தார்கள். உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, அடையாளம் தெரிந்தவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

கண்டுபிடித்த விமானத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றைப் பாதுகாக்கின்றன. ஒரு திருகாணியைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவர முடியாது. காரணம், உள்ளே மனிதர்கள் இருக்கலாம். அது அவர்களின் கல்லறை.

சென்னைக்குப் பக்கத்திலேயே நடந்த தேடல்

இது போர்க்கால விபத்து இல்லை. ஆனால் அந்த வலி என்ன என்பதைத் தமிழகம் நேரில் பார்த்தது. 2016 ஜூலை 22 காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே மாயமானது. கப்பல்கள், விமானங்கள் என்று மிகப் பெரிய தேடல் நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு தகவலை வெளியிட்டது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய தானியங்கி நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைந்த விமானப் பாகங்களைப் படம் பிடித்திருந்தது. அவை ஏஎன்-32 வகையோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் விழுந்ததாகப் பதிவு இல்லை என்பதால், அதே விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்று அமைச்சகம் தெரிவித்தது.

இதற்கு என்ன பயன் என்று கேட்கலாம். போனவர்கள் திரும்பப் போவதில்லைதான். ஆனால் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு, 'எங்கே?' என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஏமி ஜான்சனின் குடும்பத்துக்கும், கிளென் மில்லரின் குடும்பத்துக்கும் அந்தப் பதில் இன்று வரை கிடைக்கவில்லை.